படம் போகும் இடமெல்லாம் பெயரும் போகட்டும்

நம்ம ஓவியக் குழுக்கள் இன்ஸ்டாகிராம் மூலமா விற்பனை செய்யுறதைப் பற்றி இந்த மலருக்கு எழுதச் சொன்னாங்க. போன்ல படம் போடுறது எப்படின்னு மட்டும் எழுதினா அரைப் பக்கத்தில் முடிஞ்சிடும். தஞ்சாவூர் ஓவியம் இதுவரைக்கும் யார் கையால் விற்கப்பட்டது, அதில் போட்டவங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கணும்.

தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1670-களில் தொடங்கியது. 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி காலத்தில் இந்தக் கலை நல்லா வளர்ந்தது. பலாப்பலகையில் துணி ஒட்டி, மக்கு வெச்சு, கல் பதிச்சு, தங்க ரேக்கு ஒட்டி அரண்மனைக்கும் வசதியான வீடுகளுக்கும் செய்து கொடுத்தாங்க. அந்தப் பழைய படங்கள் பெரும்பாலானவற்றில் போட்டவர் பெயர் கிடையாது. ராஜா பெயர் தெரியும், ரேக்கு ஒட்டின கை யாருடையதுன்னு தெரியாது.

அப்புறம் கடைகள் வந்தன. 1973-இல் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் உருவாகி, பூம்புகார் விற்பனை நிலையங்கள் நடந்தன. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு முறை, 1997-இல் மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. கண்காட்சிகளில் நமக்கும் ஒரு மேசை கிடைச்சது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. அது ஊரின் பெயரைக் காப்பாற்றும். படம் போட்ட பெண்ணின் பெயரைச் சொல்லாது. கடைக்கு ஆர்டர் எடுத்துச் செய்தவங்களுக்குத் தெரியும், நம்ம படத்தின் பின்னால் கடையோட சீட்டுதான் ஒட்டியிருக்கும்.

இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் தொடங்கியது. முதலில் ஆப்பிள் போன்ல மட்டும்தான் ஓடும். 2012 ஏப்ரலில் ஆண்ட்ராய்டு போனுக்கு வந்தது. 2016-இல் ஜியோ வந்து நெட் செலவு குறைஞ்ச பிறகுதான் நம்ம வீடுகளில் அது சாதாரணமாச்சு. 2020 மார்ச்சில் ஊரடங்கு. கண்காட்சி எல்லாம் நின்னுபோச்சு. முடிச்ச படங்களைப் பழைய சேலையில் சுத்திப் பரண்ல வெச்சோம். வங்கியில் தவணையைத் தள்ளிவெச்சாங்க, வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்தது. அப்பத்தான் எங்க குழுப் பெண்கள் போனைக் கையில் எடுத்தாங்க.

செய்து பார்த்துக் கத்துக்கிட்டதைச் சொல்றேன். ஃபிளாஷ் போட்டா ரேக்கு வெள்ளையா அடிச்சிடும். கண்ணாடி போடுறதுக்கு முன்னாடி, காலை நேரத்துத் திண்ணை வெளிச்சத்தில் எடுங்க. வாங்குறவங்களுக்கு முதல் சந்தேகம், ரேக்கு அசல்தானா என்பது. ரேக்கை வெட்டி ஒட்டுறதைச் சின்ன வீடியோவா போட்டா நம்பிக்கை வரும். அளவு, பலகை, ரேக்கு, வேலை பிடிச்ச நாள், விலை எல்லாத்தையும் படத்துக்குக் கீழேயே எழுதிடுங்க.

ஆனா அந்தப் பக்கம் வாடகை வீடு மாதிரி. சொந்தக்காரர் நினைச்சா சட்டத்தை மாத்துவார். முன்னெல்லாம் போட்ட வரிசையிலேயே படம் தெரியும். 2016-இல் அதை மாத்தி, யாருக்கு எதை முதலில் காட்டணும்னு அவங்களே முடிவு பண்ண ஆரம்பிச்சாங்க. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தப்ப, அதை மட்டுமே நம்பினவங்க ஒரே ராத்திரியில் தங்கள் கூட்டத்தை இழந்தாங்க. அதனால் வாங்கினவர் பெயர், ஊர், போன் நம்பரைக் குழு நோட்டில் எழுதி வைங்க. நோட்டு நம்ம சொந்தம்.

திருட்டும் உண்டு. நாங்க போட்ட வெண்ணெய்க் கிருஷ்ணர் படத்தை ஒரு கடை தன்னுடையதுன்னு போட்டு ஆர்டர் பிடிச்சது. மூலையில் எங்க கையெழுத்து இருந்தது. கோடு போட்டது, மக்கு வெச்சது, ரேக்கு ஒட்டினது எல்லாம் தேதியோட எங்க பக்கத்தில் இருந்தது. அதைக் காட்டினதும் படத்தை எடுத்துட்டாங்க.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இது. பக்கம் குழுவின் பெயரில் இருக்கட்டும். பாஸ்வேர்டு இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். பொறுப்பு மாறும்போது பணப்பெட்டிச் சாவி மாதிரி அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கை மாத்துங்க.

யார் பெயரைப் போடுறதுன்னு எங்க குழுவில் வாக்குவாதமே நடந்தது. ஒருத்தி கோடு போடுறா, இன்னொருத்தி மக்கு வைக்கிறா, மூணாவது ஆள் ரேக்கும் வண்ணமும். கடைசியில் மூணு பேர் பெயரையும் போடுறதுன்னு முடிவாச்சு. இப்ப சென்னையிலிருந்து கேட்டு எழுதுறவங்களும் அந்த மூணு பெயரைச் சொல்லித்தான் கேட்கிறாங்க.