நேர்காணற் படப்பதிவில் கோணமும் சுட்டும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று ஆய்வு

நேர்காணல் என்னுஞ் சொல், முன்னர்ப் பேட்டி என வழங்கிய வடபுலச் சொல்லுக்கு மாற்றாக எழுந்தது. ஒருவரையொருவர் எதிர்முகமாகக் காண்டலை உணர்த்துவது. ஆயின் படப்பொறி கொண்டு பதிவு செய்யப்பெறும் நேர்காணல்களுள் பெரும்பாலானவற்றில் பேசுவார் காண்பாரை நேரே நோக்குவதில்லை. அவர்தம் பார்வை திரையின் ஒரு மருங்கே, நமக்குப் புலனாகாத ஒருவர்மேற் செல்கின்றது. வினவுவார் மறைந்திருக்கின்றார், காண்பாரோ அயலே நின்று ஒட்டுக் கேட்பாரை ஒத்திருக்கின்றார். இவ்வழக்கு எவ்வாறு வந்தது, இதனால் வாய்மொழி வரலாற்றுக்கு விளைந்த நன்மையும் கேடும் யாவை என்பவற்றைத் திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் எம் மாணாக்கருடன் யாம் நிகழ்த்திய பதிவுகளைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காட்சிக் கோணமும் காட்சி அளவும் திரைப்படத் தொழிலர்தம் செய்திகள். தமிழாய்வார்க்கு இவற்றால் ஆவதென்னை என்று வினவுவார் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை தொல்காப்பியச் செய்யுளியலிலேயே உளது. ஆசிரியர் செய்யுள் உறுப்புக்களை முப்பத்து நான்காக எண்ணியவிடத்துக் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பவற்றையும் உறுப்புக்களாகவே எண்ணினார். ஒரு கூற்றினை அறிதற்குக் கூறியது யாதென அறிந்தால் மட்டும் போதாது. கூறினார் யார், கேட்டார் யார், எவ்விடத்து என்பனவும் அறிதல் வேண்டும் என்பதன்றோ இதன் கருத்து? படப்பொறியை எங்கு நிறுத்துவது என்னும் வினா, கேட்போர் யார் என்னும் வினாவே. எவ்வளவு சட்டகத்துள் அடக்குவது என்னும் வினா, களன் யாது என்னும் வினாவே. நோக்கு என்பதும் அம்முப்பத்து நான்கனுள் ஒன்று. எனினும் அது கேட்டாரை மீண்டும் நோக்கிப் பயன்கொள்ளச் செய்யும் செய்யுட் கருவியாதலின், சொல்லொப்புமை ஒன்றே பற்றி அதனைப் படப்பொறியின் பார்வையோடு மயக்குதல் கூடாது.

இனி, வரலாறு. மாந்தரைப் படம் பிடிக்குங் கோணத்துக்கு விதி வகுத்தோருள் முற்பட்டோர் கலைஞர் அல்லர். ஆட்சியாளரும் காவல் துறையினருமே ஆவர். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கில நூல், நம் நாட்டு மக்களைக் குழுக்குழுவாகப் படமெடுத்து வகைப்படுத்திற்று. பாரிசு நகரக் காவல் துறையைச் சார்ந்த பெர்த்தியோன் என்பார் 1880ஆம் ஆண்டுகளில் குற்றவாளிகளை நேர்முகமாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் படமெடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் மண்டையோட்டையும் மூக்கையும் அளவுகோல் கொண்டு அளந்தார். அரங்காச்சாரியார் துணையுடன் 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் மக்கள்தம் உருவப் படங்கள் பல உள. அப்படங்களில் உள்ளவர் ஒருவரும் பேசுவதில்லை. பேசுமாறு அவர்களை எவரும் வேண்டியதும் இல்லை. நேர்முகம் என்பது எப்பொழுதும் மதிப்பைத் தருவதன்று என்பதை இவற்றால் அறிக. கோணம் ஒன்றே ஆயினும், அளக்கப்படுவானது நேர்முகம் வேறு. உரைப்பானது நேர்முகம் வேறு.

உரைப்பானுடைய நேர்முகம் திரைக்கு வந்தது 1935இல் எனலாம். ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்சுடி என்னும் இருவர் இலண்டன் மாநகரின் இடிந்த குடியிருப்புக்களைப் பற்றி எடுத்த ‘வீட்டுச் சிக்கல்கள்’ என்னும் படத்தில், அங்கு வாழ்ந்த எளிய மக்கள் தம் அறையிலேயே நின்று, படப்பொறியை நோக்கித் தம் குறைகளைத் தாமே கூறினர். எலியும் மூட்டைப்பூச்சியும் பற்றி அவர் கூறுங்கால் அவர்க்குப் பின்னே அச்சுவரே சான்றாக நிற்கின்றது. இப்படத்துக்குப் பொருளுதவி செய்தோர் எரிவாயு வணிகர் என்பதனை மறத்தல் ஆகாது; எனினும் பேசுவார்க்குப் பின்னே அவர்தம் களனைச் சட்டகத்துள் வைத்த பெருமை அதற்கு உண்டு. அக்காலத்துப் பொறிகள் மிகு எடையின. விளக்குகளும் கம்பிகளும் பல. ஆதலின் பேசினார் ஓரிடத்தே அசையாது நிற்க நேர்ந்தது.

தோளிற் சுமக்கத்தகும் படப்பொறியும் உடன்கொண்டு செல்லத்தகும் ஒலிப்பதிவுப் பொறியும் வந்தபின் இந்நிலை மாறிற்று. சான் ரூசு, எட்கர் மோரின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1960ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் பாரிசில் எடுத்து 1961இல் வெளியிட்ட ‘ஒரு கோடையின் நாட்குறிப்பு’ என்னும் படத்தில் வினவுவாரும் சட்டகத்துள் வந்தனர். பேசினார்க்கே அப்படத்தைப் போட்டுக் காட்டி அவர்தம் கருத்தைக் கேட்டு, அதனையும் படத்தின் இறுதியிற் சேர்த்தனர். நம் நாட்டில், 1948இல் தோன்றிய அரசின் திரைப்படப் பிரிவுக்காக எசு. என். எசு. சாசுதிரி 1967இல் எடுத்த ‘எனக்கு வயது இருபது’ என்னும் படம், விடுதலை பெற்ற ஆண்டில் பிறந்த இளைஞரைப் பேசவிட்டது. தமிழர் ஆவணப்படத்துக்கு வழிகாட்டிய ஏ. கே. செட்டியாரின் காந்தியடிகள் படம் 1940இல் வெளிவந்ததாயினும், அது பலர் எடுத்த பழைய சுருள்களைத் திரட்டித் தொகுத்தது. நேர்காணல் வகையைச் சார்ந்ததன்று. 1975ஆம் ஆண்டு ஆகத்து 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின்னரே நேர்காணல் என்னும் காட்சி நம் இல்லங்களுக்குட் புகுந்தது. மேசையும் இரண்டு நாற்காலிகளும் பூச்சாடியும் வைத்து, மார்பளவில் முகத்தைக் காட்டும் அவ்வமைப்பே ‘நேர்காணல்’ என நம் மாணாக்கர் உள்ளத்திற் பதிந்துவிட்டது. எம் உள்ளத்திலும் அதுவே பதிந்திருந்தது என்பதனை ஒளிக்காது கூறுதல் வேண்டும்.

திண்டுக்கல், மேற்கே பழனிமலைத் தொடரும் கிழக்கே சிறுமலையும் காக்க, நடுவே குன்றின்மேற் கோட்டையைத் தாங்கி நிற்கும் ஊர். பூட்டு, சுருட்டு, பதனிட்ட தோல், அருகே சின்னாளபட்டியின் நெசவு எனக் கைத்தொழில்களாற் பெயர் பெற்றது. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு வருங்காலத்தே தொழில் அருகிவிட்டது. இளையோர் நூற்பாலைகளுக்கும் பிற தொழில்களுக்கும் சென்றுவிட்டனர். அரமெடுத்து லீவரை ஒவ்வொன்றாக அராவிப் பொருத்தும் முதியோர் சிலரே எஞ்சினர். அவர்தம் மொழியையும் தொழிற்சொற்களையும் தொகுக்கவே யாம் சென்றோம்.

ஒரு முதியவர், பட்டறைத் தரையில் அமர்ந்தபடியே, பழுது பார்க்க வந்திருந்த பழம்பூட்டு ஒன்றைத் திறந்து மூடிக் காட்டினார். அது மறைவிசை உடையது. உரிய திறவுகோலே கையில் இருப்பினும் செய்முறை அறியாதான் திறக்க இயலாதது. அம்முறையைத் தம் தந்தையார் தமக்குக் கற்பித்ததாகக் கூறி அவர் உரைத்தது இது: “இத இங்கிட்டுத் தள்ளிக்கிட்டு, சாவிய இம்புட்டு வெளிய இழுத்து, பெறகு அப்படியே அங்கிட்டுத் திருப்பணும் சார், இந்தா, இப்படி.” யாம் அவ்வமயம் அண்மைக் காட்சியில், தொழிலர் ‘குளோசப்’ என்பதில், அவர் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தோம். முகத்திலே பெருமிதம் தோன்றிற்று. அதனை விடுத்தல் ஆகாது என்று எண்ணினோம். கைகள் சட்டகத்துக்குக் கீழே இருந்தன.

ஊர் திரும்பி உரையைப் படியெடுத்த பொழுதே எம் பிழை எமக்குப் புலனாயிற்று. அவ்வொரு தொடரில் சுட்டடியாகப் பிறந்த சொற்கள் ஏழு. ஏழும் சுட்டுகின்றன, சுட்டப்படும் பொருள் ஒன்றேனும் பதிவில் இல்லை. அகரமும் இகரமும் முறையே சேய்மையும் அண்மையும் உணர்த்தும் என்று நாம் வகுப்பறையில் நாடோறும் கற்பிக்கின்றோம். உகரச் சுட்டு யாழ்ப்பாணத்துத் தமிழில் இன்றும் வழங்குதலையும் எடுத்துக் காட்டுகின்றோம். எதற்கு அண்மை, எதனின் சேய்மை என்பது பேசுவான் கையைக் கண்டாலன்றி விளங்காது என்னும் எளிய உண்மையை யாம் மறந்தோம். மீண்டும் சென்று எடுக்கலாம் என்று ஆறுதல் கொண்டோம். தேர்வுப் பணிகளால் எட்டுத் திங்கள் கழிந்தன. யாம் சென்ற பொழுது அம்முதியவர் இல்லை. அப்பூட்டும் உரியாரிடம் முன்னரே சென்றுவிட்டது. அவர் யாரென்று வீட்டார்க்குத் தெரியவில்லை. அவர்தம் மகனார்க்கு அத்தொழில் பழக்கமன்று. “அப்பா கையில இருந்த வித்தை சார், எங்களுக்குத் தெரியாது” என்றார். அவர் கேட்டுக்கொண்டவாறு, தந்தையாரின் முகம் தெளிவாகத் தோன்றும் அப்பதிவினை அவர் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தோம். அவர்க்கு அது போதியதாயிருந்தது. எமக்குப் போதவில்லை.

அண்மைக் காட்சி தீது என்று கூறுதல் எம் கருத்தன்று. மெய்ப்பாட்டினைக் கண்ணாலும் செவியாலும் நுண்ணிதின் உணரவேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. முகத்தின் சிறு அசைவும் அதற்கு வேண்டும். துயரம் கூறுவாரிடத்தும், சொல் முடியாது நின்றுவிடும் எச்சத்தினிடத்தும் முகமே சான்று. ஆயின் தொழில் கூறுவானிடத்துக் கை பேசுகின்றது. வாய் அதற்கு உரை கூறுகின்றது. கிளாடு லான்சுமன் 1985இல் வெளியிட்ட, ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட ‘சோவா’ என்னும் படத்தில், நச்சுவாயுக் கொலைக்களத்தில் முடி வெட்டுமாறு வலிந்து அமர்த்தப்பட்ட ஒருவரை, முடிதிருத்தும் நிலையம் ஒன்றிற் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தே பேசச் செய்தார். கை இயங்க, நினைவும் இயங்கிற்று. ஓரிடத்தே நாவும் நின்றது. இது கொடுமை என்பாரும் உளர். அக்கருத்தை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. எனினும் கையும் முகமும் ஒரே சட்டகத்துள் அமையும் இடைநிலைக் காட்சியின் ஆற்றலை அறிதற்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டினை யாம் அறியோம்.

பின்னர்ச் செய்த பதிவுகளில் இடுப்பளவுக் காட்சியையே அடிப்படையாகக் கொண்டோம். கையை மட்டும் மேலிருந்து காட்ட ஒரு கைப்பேசியைத் தனியே நிறுத்தினோம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மாணாக்கர் ஒவ்வொருவரிடத்தும் அக்கருவி உளது.

உயரமும் கருதத்தக்கது. பூட்டுத் தொழிலர் தரையில் அமர்வர். முக்காலியோ நிற்பார் கண்ணளவிற்குச் செய்யப்பட்டது. அதனை அவ்வாறே நிறுத்தின் பேசுவார் அண்ணாந்து நோக்குவர். மனுக் கொடுக்க வந்தார் போன்று தோன்றுவர். கோணம் பத்துப் பதினைந்து பாகை தாழ்ந்த அளவிலேயே அவர் தம் பட்டறைக்கு உரியவராகத் தோன்றுவதைக் கண்டோம். மிகத் தாழ்த்தி, தலைவரைச் சுவரொட்டியிற் காட்டுமாறு காட்டுதலும் பொய்யே. வினவுவாரும் தரையில் அமர்தல் வேண்டும், முழங்கால் நோகும், பொறுத்துக்கொள்க.

ஒளியைப் பற்றி ஒன்று. முகம் இருண்டு தோன்றுகின்றது என்று ஒருவரை இடம் மாறி அமருமாறு முதலில் வேண்டினோம். அவர் மாறி அமர்ந்தார், அராவுதலை நிறுத்திவிட்டார். அரத்தின் முனையில் ஒளி விழுமாறு வாயிலைப் பக்கத்தே கொண்டு நாற்பது ஆண்டுகளாக அவர் அமர்ந்த இடம் அது. தொழிலர் தமக்கு வேண்டும் ஒளியைத் தாமே தேர்ந்துள்ளார். படப்பொறியே இடம் மாறவேண்டும்.

தோல் பதனிடும் தொழில் பற்றிய பதிவில் சிக்கல் வேறு. அக்கழிவுநீரால் நிலத்தடி நீர் கெட்டமை பற்றி 1996 ஆகத்துத் திங்களில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அக்காலத்துத் திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளைத் தழுவியது. அவ்வாலைகளில் உழைத்தாரும் கிணறிழந்த உழவரும் அண்டை வீட்டாராக, சிலவிடத்து உறவினராகவே வாழ்கின்றனர். பெண் ஒருவர், “முகம் தெரியாம எடுங்க தம்பி, நாங்க இங்கனதான் பொழைக்கணும்” என்றார். பின்னொளியில் நிழலுருவாக எடுப்பது தொலைக்காட்சி வழக்கு. அது பேசுவாரைக் குற்றவாளி போலக் காட்டுகின்றது என்று எம் மாணாக்கியர் மறுத்தனர். ஆதலின் அவர்தம் கைகளையும், நீர் இறைக்கப்படாத கிணற்றின் வாயையும் மட்டும் காட்டி, குரலைப் பதிவு செய்தோம். இங்கு முகத்தை விடுத்ததே முறை. வளையலால் ஊரார் அடையாளம் கண்டுகொள்வர் என்று அவரே எண்ணி, அதனைக் கழற்றி வைத்தார். அவ்வளவு நுட்பம் எமக்குத் தோன்றவில்லை.

சின்னாளபட்டியில் நெசவு பற்றி வினவியபொழுது, கேட்போர் என்னும் உறுப்பின் வலிமை நன்கு விளங்கிற்று. யாம் படப்பொறியின் வலப்பக்கத்தே அமர்ந்து வினவினோம். மாணாக்கி ஒருத்தி இடப்பக்கத்தே நின்றாள். மூதாட்டியார் விலையும் கூலியும் பற்றிய விடைகளை எம்மை நோக்கிக் கூறினார். சாயமிடுங்கால் கைவெந்தமையும், பிள்ளைப்பேற்றின் மூன்றாந் திங்களிலேயே தறிக்குத் திரும்பியமையும் அப்பெண்ணை நோக்கி, “ஆத்தா, ஒனக்குச் சொல்றேன்” என்று கூறினார். படத்தில் அவர் பார்வை வலமும் இடமுமாக மாறுகின்றது. இருவர் உரையாடலில் நோக்குத் திசை மாறலாகாது என்பது திரைப்படத் தொகுப்பார் விதி; அவ்விதிப்படி இப்பகுதி பிழையுடையது; வெட்டி நீக்குக என்று ஒரு நண்பர் அறிவுறுத்தினார். யாம் நீக்கவில்லை. பார்வை இடம்பெயர்ந்த அவ்விடத்தேதான் கூற்றின் பொருளும் இடம்பெயர்கின்றது. வினவுவார் உருவம் படத்தில் இல்லையாயினும், முன்னத்தால் அவரை உணரலாம்.

ஆதலின் எம் துறையில் இப்பொழுது ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அறை முழுதும், வினவுவார் உட்பட, தோன்றுமாறு ஒரு சேய்மைக் காட்சியை எடுத்து வைக்கின்றோம். படியெடுப்பார் உரையின் ஓரத்தே கூறியவர், கேட்டவர், பொறி நின்ற இடம், உயரம், சட்டகத்துள் அடங்கியவை, அடங்காதவை என்பவற்றைக் குறிக்கின்றனர். சுட்டுச்சொல் வருமிடந்தோறும் சுட்டப்பட்ட பொருளைப் பகர அடைப்பினுள் எழுதுகின்றனர். அம்முதியவர் உரையின் படியில் அவ்வடைப்புக்கள் ஏழும் வெறுமையாகவே உள்ளன. மறைவிசைப் பூட்டின் செய்முறை அறிந்தார் வேறெவரேனும் வட்டாரத்தில் உளரோ என நாகல்நகர்ப் பகுதியில் மாணாக்கர் இருவர் வினவி வருகின்றனர்.