அழுக்கான மாருத்

பையனுக்கு பிளாஸ்டிக் விமான மாடல் கிட் வாங்கப் போனால் ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் என்று எல்லாமே வெள்ளைக்காரன் விமானம். மர்பி டவுன்காரனுக்கு இது உறுத்தாதா? எங்க ஏரியா பக்கம், 1940-ல் வால்சந்த் ஹிராசந்த் ஆரம்பித்த எச்.ஏ.எல். தொழிற்சாலையில் பிறந்ததுதானே எச்.எஃப்.-24 மாருத்! தேடிப் பிடித்து அதன் கிட்டை வாங்கினேன். 1/72 அளவில், நீளம் 22 செ.மீ.

வேடிக்கை என்னவென்றால், மாருத்தே முதலில் மாடல்தான். ஜெர்மன்காரர் குர்ட் டாங்க் வடிவமைத்ததை 1959-ல் முழு அளவு மர கிளைடராகச் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துப் பறக்கவிட்டார்கள். நிஜ ஜெட் 1961 ஜூன் 17-ல் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். தகுந்த எஞ்சின் அமையாததால் நினைத்த வேகம் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் 147 விமானங்கள் செய்தார்கள்.

பெயிண்ட் அடித்ததும் மாடல் புதுப் பொம்மை மாதிரி பளபளத்தது. 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் பறந்த விமானம் அப்படியா இருந்திருக்கும்? தகடுகள் சேரும் கோடுகளில் நீர்த்த கறுப்பு ஓடவிட்டேன். மூக்கிலுள்ள நான்கு பீரங்கித் துளைகளைச் சுற்றிக் கரி, வயிற்றில் மண் நிறப் பொடி.

"ஏன்பா அழுக்காக்கறீங்க?" என்றான் பையன்.

"வேலை பார்த்த விமானம்டா."

1970-ல் மேம்படுத்திய மாருத்தைச் சோதித்தபோது விபத்தில் இறந்தார் தாஸ். சுரஞ்சன் தாஸ் ரோட்டில் எத்தனை தடவை போயிருப்பேன்! யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது ஷோகேஸில் மாடலுக்குக் கீழே அவர் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பையனாவது கேட்கட்டும்.