பங்கும் பார்வையும்: பெருந்தொற்றுக் காலப் புனே நகரில் மூன்று தவக்காலங்கள் (2020-2022)

முன்னுரை

கிறித்தவ வழிபாட்டு ஆண்டில் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்னர் அமைந்த நாற்பது நாள் நோன்புக் காலம் தவக்காலம் எனப்படும். திருநீற்றுப் புதனில் தொடங்கிப் புனித வாரத்தில் நிறைவுறும் இக்காலம் நோன்பு, இறைவேண்டல், ஈகை என்னும் மூன்று கடமைகளால் ஆனது. 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இக்காலம் கொரோனாப் பெருந்தொற்றின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. முதல் ஆண்டில் ஆலயக் கதவுகள் தவக்காலத்தின் நடுவே அடைபட்டன. இரண்டாம் ஆண்டில் புனித சனியன்று மீண்டும் அடைபட்டன. மூன்றாம் ஆண்டில் தவக்காலம் நடந்துகொண்டிருந்தபோதே கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. மகாராட்டிர மாநிலத்தின் புனே நகரைக் களமாகக் கொண்டு, இம்மூன்று தவக்காலங்களில் பங்கு வாழ்வு அடைந்த மாற்றத்தையும், அதனைத் தமிழ்க் கத்தோலிக்க வழிபாட்டு மரபின் துணைகொண்டு எவ்வாறு விளங்கிக்கொள்ளலாம் என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் காட்டும் மரபு

தவக்காலத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் தனித்துக் கருதத்தக்கன. பழைய கத்தோலிக்க வழக்கில் ‘தபசுகாலம்’ என்பதும், சீர்திருத்தத் திருச்சபையினரிடையே ‘லெந்து நாட்கள்’ என்பதும் வழங்கின. தொடக்க நாளுக்குரிய ‘திருநீற்றுப் புதன்’, ‘விபூதிப் புதன்’ என்னும் பெயர்கள் சைவ மரபின் சொற்களை ஏற்று அமைந்தவை. ‘ஒறுத்தல்’ என்னும் சொல் திருக்குறளில் பிறரைத் தண்டித்தல் என்ற பொருளில் ஆளப்பட்டுள்ளது. கிறித்தவத் தமிழிலோ அது தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் நோன்பு முயற்சியைக் குறிக்கின்றது. பிறர்மீது செல்லும் வினை தன்மீது திரும்புவதே தவம் என்னும் கருத்து இப்பொருள் மாற்றத்தில் பொதிந்துள்ளது.

கோவாவிலிருந்து புனேயில் குடியேறிய கொங்கணி மொழியினர் இக்காலத்தைக் ‘கொரேஸ்ம்’ என்பர். நாற்பது என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து போர்த்துகீசியம் வழியாக வந்த சொல் இது. தொற்று நோய்க் காலத்தில் ஒருவரைத் தனிமைப்படுத்துவதைக் குறிக்கும் ‘குவாரண்டைன்’ என்னும் சொல்லும் அதே வேரினது. கொள்ளைநோய்க்கு அஞ்சிய வெனிசு நகரத்தார் கப்பல்களை நாற்பது நாள் கரையணைய விடாது நிறுத்திய வழக்கத்திலிருந்து பிறந்தது. ஆகவே நோன்பின் நாற்பதும் நோய்த்தடுப்பின் நாற்பதும் சொல்லளவில் உடன்பிறந்தவை. எனினும் இரண்டிற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. நோய்த்தடுப்பு மக்களைப் பிரித்து வைப்பது. தவக்காலம் ஒவ்வொருவரும் தம்மை ஒடுக்கிக்கொண்டு ஒன்றாகக் கூடுவது. தமிழ்க் கத்தோலிக்கர் தம் ஆலயச் சமூகத்தைப் ‘பங்கு’ என்றும், அதன் குருவைப் ‘பங்குத்தந்தை’ என்றும் வழங்குதல் இங்கு நினைக்கத்தக்கது. பங்கு என்பது ஒருவருக்கு உரிய பகுதி. பிறரோடு பகிர்ந்தாலன்றிப் பங்கு இல்லை.

புனேயும் 1897ஆம் ஆண்டுச் சட்டமும்

புனே நகரின் கத்தோலிக்க வரலாறு பேஷ்வாக்கள் காலத்திலேயே தொடங்குகின்றது. சவாய் மாதவராவ் பேஷ்வா அளித்த நிலத்தில் 1792இல் எழுந்த அமல உற்பவ அன்னை ஆலயம் இன்றும் ‘சிட்டி சர்ச்’ என்ற பெயரால் அறியப்படுகின்றது. 1886இல் புனே தனி மறைமாவட்டமாக நிறுவப்பட்டது. பாளையப் பகுதியிலும் கட்கியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தமிழ் உரைநடைக்கு வளம் சேர்த்த தத்துவ போதகரின் பெயரால் ‘தெ நொபிலி கல்லூரி’ என்னும் இயேசு சபைக் கல்லூரி இந்நகரில் இயங்குகின்றது. இலங்கையின் கண்டியில் 1893இல் தொடங்கப்பெற்ற பாப்பிறைக் குருமடம் 1955இல் இந்நகருக்கே இடம்பெயர்ந்தது.

தொற்று நோயும் அரசாணையும் வழிபாடும் மோதிக்கொள்வது புனேக்குப் புதிதன்று. 1896இல் பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் விரைவில் புனேயிலும் பரவிற்று. 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச் 3 திருநீற்றுப் புதன். ஏப்ரல் 18 உயிர்ப்பு விழா. அத்தவக்காலத்தில்தான் ராண்ட் என்னும் அதிகாரியின் தலைமையில் படைவீரர்கள் வீடுவீடாகப் புகுந்து சோதனையிட்டனர். நோயுற்றோர்க்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் புலே மார்ச் 10 அன்று அந்நோய்க்கே இரையானார். புனேயில் சாரதா சதன் நடத்திய கிறித்தவப் பெண்மணி பண்டித ரமாபாய், நோய் முகாம்களில் பெண்கள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்து இதழொன்றுக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 22 அன்று சாப்பேகர் சகோதரர்களின் திட்டப்படி ராண்ட் சுடப்பட்டார்.

இந்நிகழ்ச்சிகள் இந்திய அரசியல் வரலாற்றில் விரிவாகப் பதிவாகியுள்ளன. ஆனால் வரலாற்று நூல்கள் பெரிதும் பேசுவன ஆணையும் அதனை எதிர்த்த எழுச்சியுமே. தம் வீட்டில் இறந்தாரை எவ்வாறு புலம்பினர், நோன்பை எவ்வாறு நோற்றனர் என்னும் எளிய மக்களின் செய்திகள் அவற்றில் மிக அருகியே இடம்பெறுகின்றன. அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் மகாராட்டிர அரசு 2020 மார்ச் 13 அன்று மீண்டும் கையிலெடுத்தது.

மூன்று தவக்காலங்கள்

2020ஆம் ஆண்டுத் தவக்காலம் பிப்ரவரி 26 அன்று வழக்கம்போலத் தொடங்கியது. மார்ச் 9 அன்று புனேயில் முதல் தொற்று உறுதிப்பட்டது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறான மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கும், மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தன. வழிபாட்டிடங்கள் யாவும் மூடப்பட்டன. அதே மார்ச் 25 அன்று வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் புனித வாரத்துக்கான ஆணையை வெளியிட்டது. குருத்தோலைப் பவனி ஆலயத்துக்குள்ளேயே நிகழ வேண்டும். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு விடப்பட வேண்டும். புனித வெள்ளியன்று திருச்சிலுவையை முத்தி செய்தல் வழிபாட்டை நிறைவேற்றுபவர் ஒருவருக்கே உரியது. பாஸ்கா திருவிழிப்பில் தீ மூட்டும் சடங்கு நீக்கப்பட வேண்டும் என்பன அதன் விதிகளுள் சில. இவற்றை ஒருங்கே நோக்கினால் நீக்கப்பட்டவை எவை என்பது புலனாகும். நடத்தல், தொடுதல், முத்தமிடுதல், தீயைச் சூழ்ந்து நிற்றல் என உடலால் நிகழும் செயல்களே நீங்கின. காணலும் கேட்டலும் மட்டும் எஞ்சின. மக்கள் திரைவழித் திருப்பலியைக் கண்டனர். நற்கருணையை உள்ளத்தால் மட்டும் ஏற்றனர். பங்கேற்போர் பார்வையாளராயினர்.

மகாராட்டிரத்தில் வழிபாட்டிடங்கள் 2020 நவம்பர் 16 அன்று திறக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டின் திருநீற்றுப் புதனுக்கென (பிப்ரவரி 17) பேராயம் ஜனவரி 12 அன்று தனிக்குறிப்பு வெளியிட்டது. குரு சொல்ல வேண்டிய வாக்கியத்தை அனைவர்க்கும் பொதுவாக ஒருமுறை சொல்லி, கைகளைத் தூய்மை செய்து, முகக்கவசம் அணிந்து, பேசாமலே ஒவ்வொருவர் தலைமீதும் நீறு தூவ வேண்டும் என்பது அக்குறிப்பு. நெற்றியில் விரலால் சிலுவையிட்டு நீறு பூசப்பெற்றுப் பழகிய நம் மக்களுக்கு இம்மாற்றம் சிறியதன்று. தவக்காலத்தின் முதல் ஞாயிறான பிப்ரவரி 21 அன்றே சமயக் கூட்டங்களுக்கு மாநிலத் தடை அறிவிக்கப்பட்டது. புனித வெள்ளியான ஏப்ரல் 2 அன்று புனே நிர்வாகம் மறுநாள் முதல் மாலை 6 மணி தொடங்கிக் காலை 6 மணிவரை ஊரடங்கு என்றும், வழிபாட்டிடங்கள் ஒரு வாரம் மூடப்படும் என்றும் அறிவித்தது. மறுநாள் புனித சனி. ஆண்டின் தலைமை வழிபாடாகிய பாஸ்கா திருவிழிப்பு இருள் கவிந்தபின் நிகழ வேண்டிய நாள். உயிர்ப்பு ஞாயிறான ஏப்ரல் 4 அன்று மாநிலம் முழுமைக்குமான அடைப்பு அறிவிக்கப்பட்டது. அவ்வாறு மூடிய கதவுகள் அக்டோபர் 7 அன்றே திறந்தன.

2022ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் தொடக்க நாளும் தளர்வாணை வெளியான நாளும் ஒன்றே. திருநீற்றுப் புதனாகிய மார்ச் 2 அன்று, முதல் தவணைத் தடுப்பூசி 90 விழுக்காட்டினரையும் இரண்டாம் தவணை 70 விழுக்காட்டினரையும் எட்டிய மாவட்டங்களுக்குத் தளர்வு அறிவிக்கப்பட்டது. புனே உள்ளிட்ட 14 மாவட்டங்களில் மார்ச் 4 முதல் வழிபாட்டிடங்கள் முழு அளவில் இயங்கலாயின. அத்தடுப்பூசியுள் பெரும்பகுதி புனேயின் சீரம் நிறுவனத்திலேயே உருவானது என்பதும் நினைவுகூரத்தக்கது. மார்ச் 25 அன்று வத்திக்கான் பேராயம், இனிப் பொதுவான நெறிமுறைகள் வழங்கப்போவதில்லை என்றும், அந்தந்த நாட்டு ஆயர் பேரவைகளின் அறிவுக்கூர்மைக்கே விடுவதாகவும் தெரிவித்தது. மார்ச் 31 அன்று மாநில அமைச்சரவை முடிவெடுத்து, குடி பாட்வா நாளான ஏப்ரல் 2 முதல் கட்டுப்பாடுகள் யாவற்றையும் நீக்கியது. குருத்து ஞாயிற்றுக்கு அப்போது எட்டு நாள்களே இருந்தன. மராத்திய மக்களின் புத்தாண்டும் கிறித்தவரின் நோன்பும் ஒரே விடுதலையைப் பகிர்ந்துகொண்டன.

இவ்விழப்பும் மீட்சியும் கிறித்தவர்க்கு மட்டும் உரியன அல்ல. ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் பண்டரிபுரம் நோக்கிச் செல்லும் ‘வாரி’ நடைப்பயணம் புனே வட்டாரத்தின் உயிர்நாடி. 2020இல் பாதுகைகள் பேருந்தில் கொண்டுசெல்லப்பட்டன. 2022இல்தான் வார்க்கரிகள் மீண்டும் பழைய முறையில் நடந்தனர். 2009 முதல் 2023 வரை புனே ஆயராக விளங்கிய தாமஸ் தாப்ரே, துக்காராமின் இறையனுபவத்தை ஆய்ந்தவர் என்பது இவ்விரு மரபுகளின் அணுக்கத்துக்குச் சான்று. நடையே வழிபாடாக அமைந்த இடத்தில் பேருந்து இறைவனைச் சேர்ப்பிக்கலாம். வழிபாட்டைச் சேர்ப்பிக்க இயலாது.

வியாகுலப் பிரசங்க மரபு

வீட்டிலிருந்தே வழிபடுதல் இப்பெருந்தொற்றினால் தோன்றிய புதுமை என்று பலரும் கருதினர். தமிழ்க் கத்தோலிக்க வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப்பு வாஸ் அடிகள் மறைவில் பணிபுரிந்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி மக்கள் சிதறியபோது அவரே நோயாளருடன் தங்கித் தொண்டு செய்தார். அவரைத் தொடர்ந்து 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676-1742). கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட இவர் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் இயற்றினார். அவற்றுள் ‘வியாகுலப் பிரசங்கம்’ இயேசுவின் பாடுகளையும் அன்னையின் துயரையும் புலம்பலாக விரிப்பது. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே தவக்காலத்தில் இசையோடு வாசிக்கப்பெற்று வருவது.

இந்நூல் தோன்றிய சூழல் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. குரு அரிதாகவே வரக்கூடிய ஊர்களில் மூப்பரும் அண்ணாவியாரும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தனர். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு அழுவது இவ்வகை வழிபாட்டின் இயல்பு. நம் ஒப்பாரி மரபும் அத்தகையதே. ஒருத்தி எடுத்துக்கொடுக்க ஏனையோர் கட்டியணைத்துச் சேர்ந்தழுதாலன்றி ஒப்பாரி நிகழாது. எனவே குரு இல்லாத தவக்காலத்தைத் தமிழ் மரபு முன்னரே அறியும். கூட்டம் இல்லாத தவக்காலத்தையே அது அறியாது. 2020இல் திரையில் குரு தோன்றினார். அருகில் அழும் துணை தோன்றவில்லை. பெருந்தொற்று பறித்தது எதனை என்னும் வினாவுக்கு விடை இங்கே உள்ளது.

தளர்வின் பொருள்

இக்கண்கொண்டு நோக்கின் 2022ஆம் ஆண்டுத் தளர்வை ஆலயத்தில் ஆள்தொகை கூடியதாக மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது. இரண்டாம் அலையில் இறந்தோர் பலருக்குக் கூடியழும் சடங்கு வாய்க்கவில்லை. ஊரைவிட்டு அயல்மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இவ்விழப்பு இருமடங்கானது. சொந்த ஊர் உறவினரும் வர இயலவில்லை, அண்டை வீட்டாரும் நெருங்க இயலவில்லை. சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளையும் பிறரோடு நடக்கவும், சிலுவையை முத்தி செய்யவும், அருகிருப்பவர் அழுகையைக் கேட்கவும் மீண்டும் இடம் கிடைத்தபோது, பிந்திய துக்கத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது எனலாம். பசித்திருத்தலும் தனித்திருத்தலும் விழித்திருத்தலும் தமிழ்த் தவ நெறியின் கூறுகளே. ஆனால் தானே ஏற்கும் தனிமைதான் தவமாகும். ஆணையால் வரும் தனிமை துயரமாகும். இவ்வேறுபாட்டை மூன்று தவக்காலங்களும் உணர்த்திச் சென்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

1. புனேயில் 2020 முதல் 2022 வரையான தவக்காலங்களில் அரசின் நாள்காட்டியும் திருச்சபையின் நாள்காட்டியும் பலமுறை ஒரே நாளில் சந்தித்தன. அடைப்பும் தளர்வும் வழிபாட்டு அனுபவத்தின் பகுதிகளாகவே அமைந்தன.

2. கட்டுப்பாடுகளால் நீங்கியவை பெரும்பாலும் உடலால் செய்யும் சடங்குகள். அதனால் பங்கேற்பு பார்வையாகச் சுருங்கியது.

3. தடைக்காலத்தில் வளர்ந்த வியாகுலப் பிரசங்க மரபு, குருவின்றியும் வழிபாடு நிகழும், கூட்டமின்றிப் புலம்பல் நிகழாது என்பதைத் தெளிவுறுத்துகின்றது.

4. 2022ஆம் ஆண்டுத் தளர்வு, ஒத்திவைக்கப்பட்ட துக்கத்தைப் பொதுவில் வெளிப்படுத்த வழிதிறந்தது.

1897ஆம் ஆண்டின் ஆணைகள் அச்சில் நிலைபெற்றன. அவ்வாண்டின் புலம்பல்கள் பெரும்பாலும் காற்றோடு கலந்தன. இந்நூற்றாண்டின் பெருந்தொற்றுக்கும் அந்நிலை நேர்தல் கூடாது. அயல்மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பங்குச் சமூகங்களின் தவக்காலப் பாடல்களையும், வீட்டுச் செபங்களையும், அடைப்புக் கால நினைவுகளையும் அவற்றை உடையோர் வாழும்போதே பதிவு செய்தல் வேண்டும். நாட்டார் வழக்காற்றியலையும் கிறித்தவத் தமிழையும் பயிற்றும் தமிழ்த்துறைகள் இப்பணியைக் கூட்டாக மேற்கொள்ளுதல் காலத்தின் தேவையாகும்.