பல் சீமெந்து இறுகிய கதை

பல்வைத்தியர் சிதைந்த பல்லொன்றின் மேல் புதிய உறையைப் பொருத்தி, “இனிக் கடித்துப் பாருங்கள்” என்கிறார். உறைக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய ஏடு போல் நிற்கும் சீமெந்து முற்றாக இறுகியதா, அன்றி விளிம்பில் மட்டும் இறுகி உள்ளே குழைந்து கிடக்கின்றதா என்பதை அவர் கண்ணாற் காண இயலாது. இந்த ஐயத்தை வெல்ல மனிதர் எடுத்த முயற்சிகளே இன்றைய பேச்சின் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்தது, நாக ஒட்சைட்டுத் தூளைப் பொசுபோரிக் அமிலத்தோடு குழைத்த சீமெந்து. அது இறுகும்போது வெப்பம் பிறக்கும். அவ்வெப்பமே இறுகுதலை மேலும் விரைவுபடுத்தும். ஆதலால் வைத்தியர்கள் குளிர்ந்த கண்ணாடித் தட்டின்மேல் தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைத்தனர். ஆயினும் அது பல்லோடு ஒட்டவில்லை. கரடுமுரடான பரப்பைப் பற்றி நின்றதே அன்றி வேறில்லை.

பின்னர் வந்தது அக்கிரிலிக் பிசின். பிசின் காய்ந்து இறுகுவதன்று. நாரில் தொடுத்த பூக்களைப் போல அதன் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நெடுஞ்சங்கிலியாவதாலேயே இறுகுகின்றது. 1930களில் பொய்ப்பற்களுக்கான பிசினை வெந்நீரிலிட்டு இறுகச் செய்தனர். வாயைக் கொதிக்க வைக்க முடியுமா? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜேர்மனியர் இதற்கு விடை கண்டனர்: பெரொட்சைட்டும் அமைனும் கலந்தால், சாதாரண வெப்பநிலையிலேயே அப்பிணைப்புத் தொடங்கும்.

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனோகோர் என்பவர், பல்லின் மிளிரியைப் பொசுபோரிக் அமிலத்தாற் சிறிது அரித்தால் பிசின் அதை உறுதியாகப் பற்றும் என நிறுவினார். 1962இல் ரபாயேல் போவன், படிகக்கல் போன்ற நுண்தூள் சேர்ந்த புதிய பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். 1970களில் ஒளி துணைக்கு வந்தது. முதலில் புறஊதாக் கதிர், பின்னர் நீல ஒளி. கற்பூரத்தினின்று பெறப்படும் மஞ்சட் பொருளொன்று அந்நீல ஒளியை ஏற்றுப் பிணைப்பைத் தொடக்கி வைக்கின்றது. வைத்தியர் விரும்பிய கணத்தில் சீமெந்து இறுகும் காலம் பிறந்தது.

எனினும், ஒளி தடித்த பீங்கான் உறையினூடு செல்கையில் மங்கும். உலோக உறையினூடு செல்லவே மாட்டாது. அதனால், ஒளியாலும் இரசாயனத்தாலும் இறுகும் இருவழிச் சீமெந்து உருவாயிற்று. அதற்கும் பகைகள் உண்டு. வளியிலுள்ள ஒட்சிசன் மேற்பரப்பை இறுகவிடாது. ஒட்டும் திரவத்தில் எஞ்சிய அமிலம் அமைனைச் செயலிழக்கச் செய்யும். பல்வலிக்கு நம் இல்லங்களில் நாடும் கராம்புத் தைலத்தின் சாரமும் தற்காலிகச் சீமெந்தில் எஞ்சியிருந்தால், பிசினின் சங்கிலியை இடையிலே அறுத்துவிடும்.

எனவேதான் தேர்ந்த வைத்தியர் பழைய சீமெந்தைத் துடைத்தகற்றுகிறார். விளக்கை ஒவ்வொரு பக்கத்திலும் பொறுமையோடு பிடிக்கிறார். இரசாயனம் தன் வேலையை முடிக்க நேரம் கொடுக்கிறார். நாற்காலியில் இருக்கும் நமக்கு அந்தச் சில நிமிடங்கள் வீண் தாமதமாகத் தோன்றலாம். அந்த உறை பல்லாண்டு நிலைப்பதும் சில திங்களிற் கழன்று கையில் வருவதும் பெரிதும் அந்த நிமிடங்களையே பொறுத்தன.