பிளாக் வாட்டர் சிஸ்டர் (புதினம்)

பிளாக் வாட்டர் சிஸ்டர், மலேசியாவில் பிறந்து பிரிட்டனில் வாழும் ஸென் சோ ஆங்கிலத்தில் எழுதி 2021-இல் வெளிவந்த புதினம். கதைக்களம் பினாங்கு. பழந்தொன்மம் இன்றைய அமானுஷ்யக் கதையில் உயிர்பெறும் விதத்தை அறிய விரும்புவோர் அவசியம் படிக்க வேண்டிய நூல் இது.

அமெரிக்காவில் வளர்ந்த ஜெஸ்ஸமின் தியோ பெற்றோருடன் பினாங்குக்குத் திரும்புகிறாள். அவள் தலைக்குள் ஒரு குரல் பேசத் தொடங்குகிறது. இறந்துபோன பாட்டியின் குரல் அது. பாட்டி 'கறுப்புத் தண்ணீர்ச் சகோதரி' என்னும் தெய்வத்துக்கு அருளாடியவள். அத்தெய்வத்தின் கோயிலுக்கு ஆபத்தாக வந்த பெரும்பணக்காரனைப் பழிவாங்க, இப்போது பேத்தியின் உடலைக் கேட்கிறாள். ஒரு பெண்ணைக் காதலிப்பதைப் பெற்றோரிடம் மறைத்து வாழும் ஜெஸ்ஸுக்கு, தன் உடலும் தனக்குச் சொந்தமில்லாமல் போவதே பெரும் திகில். அந்தத் தெய்வமும் ஒருகாலத்தில் வன்முறையில் உயிரிழந்த சாதாரணப் பெண்தான்.

பழந்தொன்மத்தைக் கையாள்வதில் மேற்குலகத் திகில் எழுத்து கிரேக்கத்துக்குப் பட்ட கடன் பெரிது. மேரி ஷெல்லி 1818-இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலுக்கு 'நவீன புரோமிதியஸ்' என்று துணைத்தலைப்பு இட்டார். ஆர்தர் மேக்கன் 1894-இல் கிரேக்கப் பான் தேவனை லண்டன் கதைக்குள் கொண்டுவந்தார். யோர்கோஸ் லாந்திமோஸின் 2017 திரைப்படத்தில் ஓர் அறுவை மருத்துவர் தன் குடும்பத்தில் ஒருவரைத் தானே பலிகொடுக்க வேண்டிய நிலைக்கு வருகிறார். மகள் இஃபிஜீனியாவைப் பலியிட்ட அகமெம்னனின் கதைதான் அது. ஆனால் இந்தத் தெய்வங்களுக்கு இன்று ஊர்கூடிப் படையல் இடுவதில்லை. எழுத்தாளர் அவற்றைக் குறியீடாகத் தாராளமாக வளைக்கலாம். பினாங்கில் நிலைமை வேறு. மரத்தடிகளில் சிறு சிவப்பு மாடங்களில் சீனர்கள் மலாய்க் காவல்தெய்வமான டத்தோ கோங்கை வணங்குகிறார்கள்; சொங்கோக் தொப்பி அணிந்த அச்சாமிக்குப் பன்றி இறைச்சி படைப்பதில்லை. தெய்வத்தோடு கொடுக்கல்வாங்கல் இன்னும் நடக்கும் ஊர் இது. ஆகவே சோவின் தெய்வம் வெறும் குறியீடாக நின்றுவிடாமல், கேட்கிறது, கோபிக்கிறது, பேரம் பேசுகிறது.

சினங்கொண்ட பெண் என்றதும் மெடூசாவை நினைப்பது வழக்கம். இந்நாவலுக்கு உண்மையான கிரேக்க உறவு கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய 'யூமெனிடிஸ்' நாடகம். மகனால் கொல்லப்பட்ட கிளைடெம்னெஸ்ட்ராவின் ஆவி, உறங்கும் பழிதெய்வங்களைத் தட்டி எழுப்புகிறது. முடிவில் ஏதெனா அவர்களுக்கு ஏதென்ஸில் இடமும் வழிபாடும் தந்து சினம் தணிக்கிறாள். பழிக்குத் தூண்டும் இறந்த பெண்ணின் ஆவி, வன்மம் தீராத பெண்தெய்வம், அத்தெய்வத்தின் இருப்பிடம் பற்றிய கேள்வி ஆகிய மூன்றும் பினாங்குக் கதையிலும் உண்டு.

வன்முறையில் இறந்த பெண் தெய்வமாவது தமிழருக்குப் புதிதல்ல. நகைக்காகக் காதலனால் கொல்லப்பட்ட பெண் மறுபிறப்பில் நீலியாகிப் பழிதீர்த்து, இசக்கியாகக் கோயில் கொண்ட கதை குமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுகிறது. முப்பந்தலில் அவளுக்குப் பெருங்கோயில் இருக்கிறது.

சோவுக்கு அமானுஷ்யக் களம் முன்பே பழக்கமானது. 'தி ஹவுஸ் ஆஃப் ஆன்ட்ஸ்' சிறுகதையில் பொந்தியானாக்காக மாறிய பள்ளி மாணவியை, பேய்களான அத்தை சித்திகளோடு ஒரே வீட்டில் குடிவைத்தார். பிள்ளைப்பேற்றில் இறந்தவளே பொந்தியானாக் என்பது மலாய் நம்பிக்கை. பிள்ளைகளைப் பறிகொடுத்து அரக்கியான கிரேக்க லாமியா அவளுக்குத் தொலைதூர உறவு.

மலேசியத் தோட்டங்கள் வீட்டுமனைகளானபோது முனீஸ்வரன், காளியம்மன் கோயில்கள் பலவும் இடம்பெயர நேர்ந்தது. அந்தச் சாமிகளின் கோபத்தையும் இதே துணிவோடு மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் நாவலாக்க வேண்டும்.