'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்காதா? ஒரே வேரில் பிறந்து குழப்பும் ஆங்கில வார்த்தைகள்!

நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னால் போயிருக்கிறீர்களா? 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். 'கரெக்ட்' என்றால் சரி, 'இன்கரெக்ட்' என்றால் தவறு. அப்படின்னா, 'ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிப்பது, 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்காதது என்றுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: எளிதில் தீப்பிடிக்கும். இப்படி ஒரே வேரில் இருந்து வந்து, பார்க்கவும் ஒரே மாதிரி இருந்து, நம்மை மாட்டிவிடும் வார்த்தைகள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. மொபைலில் இருக்கும் ஸ்பெல்லிங் செக் பெரும்பாலும் இதைக் கண்டுபிடிக்காது. ஏன்னா, இரண்டுமே சரியான வார்த்தைகள்தான். தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். வேலைக்கான விண்ணப்பம், மருந்துச் சீட்டு, ஆபீஸ் மெயில் என்று அன்றாடம் நாம் சந்திக்கும் சில ஜோடிகளைப் பார்க்கலாம்.

ஃப்ளேமபிள் - இன்ஃப்ளேமபிள்

லத்தீனில் 'இன்' என்ற முன்னொட்டுக்கு இரண்டு வேலை. ஒன்று 'இல்லை' என்று மறுப்பது. இன்னொன்று 'உள்ளே' என்ற பொருள் தருவது. 'இன்ஃப்ளேமபிள்' இரண்டாவது வகை. தீ மூட்டுவதைக் குறிக்கும் 'இன்ஃப்ளமாரே' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. உடம்பில் வீங்கிச் சிவந்து எரிச்சல் எடுத்தால் டாக்டர் 'இன்ஃப்ளமேஷன்' என்கிறாரே, அதற்கும் இதே வேர்தான்.

இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், 1920-களில் அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொல்லி வலியுறுத்தியது. தீப்பிடிக்காத பொருளுக்குச் சரியான வார்த்தை 'நான்-ஃப்ளேமபிள்'. ஸ்பிரே டப்பாவிலோ, தின்னர் கேனிலோ 'இன்ஃப்ளேமபிள்' என்று இருந்தால் அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

ஆல்டர்நேட் - ஆல்டர்நேட்டிவ்

'ஆல்டர்' என்றால் லத்தீனில் 'இரண்டில் மற்றொன்று'. 'ஆல்டர்நேட்' என்பது மாறி மாறி வருவது. 'ஆல்டர்நேட் டேஸ்ல மாத்திரை போடுங்க' என்று டாக்டர் சொன்னால், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று அர்த்தம். 'ஆல்டர்நேட்டிவ்' என்றால் மாற்று. இந்த மாத்திரை கிடைக்காவிட்டால் அதற்குப் பதிலாக எது என்று கேட்பது 'ஆல்டர்நேட்டிவ்'. அமெரிக்க ஆங்கிலத்தில் மாற்று என்ற அர்த்தத்திலும் 'ஆல்டர்நேட்' வரும். அதனால் மருந்து விஷயத்தில் சந்தேகம் இருந்தால், 'தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா?' என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவதே நல்லது.

எகனாமிக் - எகனாமிக்கல்

கிரேக்க மொழியில் 'ஓய்கோஸ்' என்றால் வீடு. வீட்டு நிர்வாகம் என்ற பொருளில் தொடங்கியதுதான் 'எகனாமி'. நாட்டின் பொருளாதாரம் பற்றியது 'எகனாமிக்'. பட்ஜெட்டுக்கு முன்பு வரும் பொருளாதார ஆய்வறிக்கை 'எகனாமிக் சர்வே'. சிக்கனமானது 'எகனாமிக்கல்'. நல்ல மைலேஜ் தரும் பைக் எகனாமிக்கல். நாலு ஓவரில் 18 ரன் மட்டும் கொடுக்கும் பவுலரும் எகனாமிக்கல்தான். அவரை 'எகனாமிக் பவுலர்' என்று சொல்ல முடியாது.

ஒரு சின்ன சிக்கல் உண்டு. 'எகனாமிக்கலி' என்று வரும்போது இரண்டு அர்த்தத்துக்கும் அதே வார்த்தைதான். 2019-இல் 10 சதவீத இடஒதுக்கீடு பெற்ற 'எகனாமிக்கலி வீக்கர் செக்‌ஷன்ஸ்' என்பதில் வருவது சிக்கனம் அல்ல, 'பொருளாதார ரீதியாக' என்ற அர்த்தம்.

ஹிஸ்டாரிக் - ஹிஸ்டாரிக்கல்

சரித்திரத்தில் இடம்பிடிக்கும் அளவுக்கு முக்கியமானது 'ஹிஸ்டாரிக்'. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது ஹிஸ்டாரிக் தருணம். சரித்திரத்தைப் பற்றியது, பழங்காலத்தைச் சேர்ந்தது 'ஹிஸ்டாரிக்கல்'. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஒரு ஹிஸ்டாரிக்கல் நாவல்.

கிளாசிக் - கிளாசிக்கல்

காலம் கடந்தும் ரசிக்கப்படும் பழைய படம் 'கிளாசிக்'. தொன்மையான, செவ்வியல் மரபைச் சேர்ந்தது 'கிளாசிக்கல்'. கர்நாடக இசை கிளாசிக்கல் மியூசிக். 2004-இல் மத்திய அரசு தமிழுக்கு அளித்த செம்மொழி அந்தஸ்து 'கிளாசிக்கல் லாங்குவேஜ்'. 'கிளாசிக் லாங்குவேஜ்' என்று எழுதினால் தவறு.

சென்சிபிள் - சென்சிட்டிவ்

இரண்டுக்கும் வேர், உணர்வதைக் குறிக்கும் 'சென்டிரே' என்ற லத்தீன் சொல். ஆனா இன்றைக்கு 'சென்சிபிள்' என்றால் விவேகமான, யோசித்து நடக்கிற. 'சென்சிட்டிவ்' என்றால் சட்டென்று பாதிக்கப்படுகிற, கவனமாகக் கையாள வேண்டிய. தேர்தல் செய்தியில் வரும் 'சென்சிட்டிவ் பூத்' நமக்கு ரொம்பப் பழக்கம்: பதற்றமான வாக்குச்சாவடி. ஒரு நண்பரை 'சென்சிபிள்' என்றால் பாராட்டு. 'சென்சிட்டிவ்' என்றால், 'பார்த்துப் பேசு' என்ற எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

அன்இன்ட்ரஸ்டட் - டிஸ்இன்ட்ரஸ்டட்

ஆர்வம் இல்லாதவர் 'அன்இன்ட்ரஸ்டட்'. சொந்த லாபமோ, சார்போ இல்லாதவர் 'டிஸ்இன்ட்ரஸ்டட்'. 'இன்ட்ரஸ்ட்' என்ற சொல்லுக்கு ஆர்வம், ஆதாயம் என்று இரண்டு முகம் இருப்பதுதான் இதற்குக் காரணம். நீதிமன்றத்தில் ஒருவரை 'டிஸ்இன்ட்ரஸ்டட் விட்னஸ்' என்றால், வழக்கின் முடிவால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை, அவர் சொல்வதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்று அர்த்தம். அதை 'அக்கறை இல்லாத சாட்சி' என்று மொழிபெயர்த்தால் கதையே தலைகீழாகிவிடும்.

பிரிஸ்கிரைப் - புரோஸ்கிரைப்

ஒரே ஒரு எழுத்துதான் இடம் மாறுகிறது. மருந்தோ பாடப்புத்தகமோ பரிந்துரைப்பது 'பிரிஸ்கிரைப்'. தடை செய்வது 'புரோஸ்கிரைப்'. இரண்டிலும் இருப்பது 'ஸ்கிரிபேரே', அதாவது எழுதுதல். முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது முதலாவது. பொதுவெளியில் எழுதி அறிவிப்பது இரண்டாவது. கி.மு. 82-இல் ரோமின் ஆட்சியைப் பிடித்த சுல்லா, தன் எதிரிகளின் பெயர்களைப் பட்டியலாக எழுதி பொது இடத்தில் வைத்தார். பட்டியலில் பெயர் வந்தால் சொத்தும் போகும், உயிரும் போகும். அந்தப் பட்டியலின் நிழல்தான், இன்று தடை செய்யப்பட்ட அமைப்புகளைக் குறிக்கும் இந்த வார்த்தையில் இருக்கிறது.

ஸ்டேஷனரி - ஸ்டேஷனரி

இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே. எழுதும்போதுதான் வித்தியாசம். கடைசியில் 'ஏ-ஆர்-ஒய்' வந்தால், அசையாமல் நிற்பது. சாலையோரம் நிறுத்தப்பட்ட லாரி அந்த வகை. 'இ-ஆர்-ஒய்' வந்தால், பேனா, நோட்டு போன்ற எழுதுபொருட்கள். என்வலப் என்ற வார்த்தை 'இ'-யில் தொடங்குகிறது என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டுக்கும் என்ன உறவு? பழைய ஐரோப்பாவில் வியாபாரிகள் பலர் ஊர் ஊராகச் சுற்றி விற்றார்கள். ஒரே இடத்தில் நிலையாகக் கடை போட்டவர்களை, குறிப்பாகப் புத்தகம் விற்றவர்களை, 'ஸ்டேஷனர்' என்றார்கள். அவர்கள் விற்ற பொருளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

எப்படி நினைவில் வைப்பது?

'-இக்' வந்தால் இது, '-இக்கல்' வந்தால் அது என்று ஒரே விதி கிடையாது. அதனால் விதியை மனப்பாடம் செய்வதைவிட, வார்த்தையை அதன் ஜோடியோடு சேர்த்துப் பழகுவது சுலபம். 'எகனாமிக் சர்வே', 'எகனாமிக்கல் பைக்', 'ஆல்டர்நேட் டே', 'கிளாசிக்கல் மியூசிக்' என்று இரண்டு சொல்லாக மனதில் பதிந்துவிட்டால், தனியாக எழுதும்போதும் தப்பு வராது.

யோசித்துப் பார்த்தால் தமிழிலும் இது உண்டு. 'வழக்கம்', 'வழக்கு' இரண்டும் ஒரே வேர். ஆனா, 'என் மேல் ஒரு வழக்கம் போட்டுட்டாங்க' என்று நாம் யாரும் சொல்வதில்லை. காரணம், இலக்கணம் படித்ததல்ல, 'வழக்கு போட்டாங்க' என்று சேர்த்துக் கேட்டே வளர்ந்ததுதான். ஆங்கிலத்துக்கும் அதே வழிதான். அடுத்த முறை விண்ணப்பத்தையோ மெயிலையோ அனுப்பும் முன், சந்தேகமான வார்த்தை ஒன்று இருந்தால், அகராதியில் அர்த்தத்தை மட்டும் பார்க்காமல் அதற்குக் கீழே இருக்கும் உதாரண வாக்கியத்தையும் படித்துவிட்டு அனுப்புங்கள்.