மலை வளமும் மாந்தர் கடனும்

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் தாயகம் செல்லும் நம்மவருள் பலர் கோயம்புத்தூரைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே இரயிலில் சென்றிருப்பர். வாளையாறு வந்ததும் குழந்தைகள் சாளரத்தருகே கூடிவிடுவர். வடக்கே மலை கைக்கெட்டும் தொலைவில் நிற்பது போலத் தோன்றும். தெற்கே, தொலைவில், நீல நிறமாய் மற்றொரு தொடர் தெரியும். அதுவே ஆனைமலை. பாலக்காட்டு மாவட்டத்தின் பறம்பிக்குளத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தெற்கு நோக்கி வளர்ந்து செல்லும் அத்தொடர், இடுக்கி மாவட்டத்தில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியாய் நிமிர்கின்றது. இமயத்திற்குத் தெற்கே இந்திய நாட்டில் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. கேரளப் பக்கத்தில் மூணாறும் மறையூரும், தமிழ்நாட்டுப் பக்கத்தில் பொள்ளாச்சியும் வால்பாறையும் உடுமலையும் போடியும் இம்மலையை நம்பி வாழ்கின்றன. எல்லைக்கோடு வரைபடத்தில் உள்ளது, மலை ஒன்றே.

இம்மலைகளில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக மனிதன் செய்தது யாது, அதனால் விளைந்தது யாது, விளைந்த தீங்கினின்று அவன் கற்றது யாது என்பவற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். இஃது எவரோ பிறருடைய வரலாறு அன்று. பிழைப்பு நாடி மலையேறிய நம் முன்னோரின் வரலாறும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

பழைய குடிகள்

ஆங்கிலேயர் வருமுன் இம்மலை ஆளற்றுக் கிடந்தது என்று எண்ணுதல் பிழை. காடரும் மலசரும் முதுவரும் தலைமுறை தலைமுறையாய் இங்கு வாழ்ந்தனர். மறையூர், காந்தளூர் முதலிய ஐந்து ஊர்கள் சேர்ந்த அஞ்சுநாட்டில் தமிழ் பேசும் குடிகள் சரிவுகளைப் படிப்படியாய் வெட்டி நெல் விளைத்தனர். அவர்களுக்கும் முற்பட்டோர் எழுப்பிய கல்திட்டைகளை மறையூரில் இன்றும் காணலாம். ஊரார் அவற்றை முனியறை என்பர்.

இக்குடிகளும் காட்டை வெட்டினர். தீயிட்டும் பயிர் செய்தனர். ஆயினும் அவர்கள் தொகை சிறிது. எடுத்த நிலத்தை ஆறவிட்டு அப்பால் நகர்ந்தனர். மலைக்கு மீண்டும் தழைக்கக் காலம் கிடைத்தது. பின்னாளில் கிடைக்காமற் போனது அந்தக் காலமே.

தேக்கும் தண்டவாளமும்

முதலில் இம்மலையைத் தேடி வந்த வாணிகம் மரவாணிகம். கப்பலுக்கும் இரயில் பாதைக்கும் தேக்கு வேண்டியிருந்தது. ஆனைமலையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் மரங்களை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. கொச்சி அரசோ பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்திற்குக் காட்டு டிராம் பாதை ஒன்றை அமைத்தது. 1907ஆம் ஆண்டு முதல் 1963ஆம் ஆண்டு வரை அவ்வழியே மரம் இறங்கியவண்ணம் இருந்தது.

வெட்டுதல் எளிது, வளர்த்தல் அரிது என்பதை உணர்ந்த அதிகாரி ஒருவரும் அக்காலத்தில் இருந்தார். ஹியூகோ உட் என்னும் அவர், அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காமல் விட்டு வெட்டினால் தேக்கு மீண்டும் தழைக்கும் என்பதைக் கண்டு, அவ்வாறே செய்வித்தார். ஊன்றுகோலால் மண்ணைக் குத்தி, குத்திய குழியில் தேக்கு விதை இட்டுக்கொண்டே அவர் நடப்பார் என்பது டாப்சிலிப்பில் இன்றும் வழங்கும் செய்தி. 1933இல் மறைந்த அவருடைய கல்லறை அத்தேக்குகளின் நடுவே உள்ளது. எனினும் தேக்குத் தோட்டம் வேறு, காடு வேறு. ஒரே இன மரம் வரிசையாய் நிற்கும் இடத்தில் நூறு வகை உயிர்கள் வாழ்தல் இயலாது. இப்பாடத்தைக் கற்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

தேயிலை வந்த வரலாறு

1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். சின்கோனாவும் காப்பியும் ஏலமும் பயிரிட்டுப் பார்த்த பின்னரே தேயிலை நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி தோன்றியது. சோலைகள் வீழ்ந்தன, சரிவுகள் பச்சைக் கம்பளம் போர்த்தன. இன்று சுற்றுலாச் செல்வோர் கண்டு மகிழும் அப்பசுமை இயற்கை தந்தது அன்று. மனிதக் கைகள் நட்டது.

அக்கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிகள் வழியே ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாய் மலையேறினர். குளிரும் காய்ச்சலும் அட்டையும் அவர்களை வரவேற்றன. அவர்கள் தங்குவதற்கு வரிசையாய்க் கட்டிய சிறு வீடுகளே லயங்கள் எனப்பட்டன.

விளைந்த தேயிலையைக் கீழே கொணர வேண்டுமே! 1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடத் தொடங்கியது. 1908இல் அது சிறு நீராவி இரயிலாய் மாறியது. டாப் ஸ்டேஷன் வரை இரயிலில் சென்ற தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தன.

1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெருமழை பெய்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் அதனைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என மலையாள மக்கள் கூறுவர். மூணாற்று நகரம் நீரில் மூழ்கியது. குண்டளை இரயில் பாதை உருத்தெரியாமல் அழிந்தது. பின்னர் எவரும் அதனை மீட்கவில்லை. காடழிப்பே அவ்வெள்ளத்தின் முழுக் காரணம் என்று கூறுதல் நேர்மையாகாது. பெய்த மழையே அத்தகையது. ஆயினும் மலை தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கின்றது என்பதை அவ்வாண்டு காட்டியது.

புல்வெளி பாழ்நிலம் அன்று

மேன்மலையில் சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்திருக்கும். பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல். மரம் இல்லாத நிலம் பயனற்ற நிலம் என்று அந்நாளைய அதிகாரிகள் கருதினர். ஆகவே தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரத்தையும், தேயிலை உலர்த்தும் விறகுக்காகத் தைலமரத்தையும் புல்வெளிகளில் நட்டனர். பின்னர்க் காகித ஆலைகளுக்கும் தைலமரம் வளர்க்கப்பட்டது.

நீலகிரியின் சதுப்பு நிலத்துக் கரிமண்ணை ஆராய்ந்த அறிஞர் 1993இல் வெளியிட்ட முடிவுகள் அக்கருத்தைத் தகர்த்தன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அம்மேட்டு நிலங்களில் புல்வெளி பரவியிருந்தது என்பது தெளிவாயிற்று. மனிதன் காட்டை எரித்ததனால் புல் தோன்றிற்று என்பது பொருந்தாமற் போயிற்று. மழைநீரை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடும் இப்புல்வெளியே மலையின் நீர்த்தொட்டி. மூணாற்றை அடுத்த ஆனைமுடிச் சோலைப் பூங்காவில், பழத்தோட்டம் என்னும் இடத்தில், அயல் மரங்கள் தீயில் அழிந்த நிலத்தில் அவ்வூர் மக்களைக் கொண்டே நாட்டுப்புல்லை நட்டு, வனத்துறை புல்வெளியை மீட்டு வருகின்றது. செய்த பிழையை அறிந்து திருத்துதலும் ஓர் அறமே.

காத்த வரலாறு

இனிக் கணவாயின் வட பக்கத்தை நோக்குவோம். பாலக்காட்டு மாவட்டத்தின் வட பகுதியில், மண்ணார்க்காட்டுக்கு அப்பால், குந்திப்புழை பாயும் அமைதிப் பள்ளத்தாக்கு உள்ளது. அதனை மக்கள் சைலன்ட் வேலி என்பர். அங்கு அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கு 1973இல் திட்டக் குழு இசைவளித்தது. 8.3 சதுர கிலோமீட்டர்க் காடு நீரில் மூழ்கியிருக்கும். சிங்கவால் குரங்கின் உறைவிடமும் குலைந்திருக்கும். மலபார்ப் பகுதிக்கு அந்நாளில் மின்சாரமும் வேலையும் தேவைப்பட்டன. ஆதலின் அணையை வேண்டியோரைத் தீயோர் எனல் தகாது.

கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து வெறும் முழக்கத்தோடு நிற்கவில்லை. மின்சாரக் கணக்கையும் காட்டின் கணக்கையும் அருகருகே வைத்து 1979இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சுகதகுமாரி முதலிய கவிஞர்களும், சலீம் அலி முதலிய அறிஞர்களும் குரல் கொடுத்தனர். எம்.ஜி.கே. மேனன் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அப்பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவாயிற்று. நாட்டின் பெருந்திட்டம் ஒன்று பொதுமக்களின் வாதத்தால் நின்றது, அந்நாளில் புதுமை.

மூணாற்றிலோ வரையாடு வாழும் இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. வேட்டையாடி மகிழ்ந்த தோட்டத் துரைமாரே வேட்டையை வரையறுக்கச் சங்கம் அமைத்து, முதுவரைக் காவலராய் வைத்துக் காத்த நிலம் அது.

கேளாத செவி

2010இல் மத்திய அரசு மாதவ் காட்கில் தலைமையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிபுணர் குழுவை அமைத்தது. 2011 ஆகஸ்டில் அறிக்கை அளிக்கப்பட்டது. எனினும் மக்கள் கைக்கு அது கிட்டியது நீதிமன்றம் வரை வழக்குச் சென்ற பின், 2012இல்தான். மலை முழுவதையும் மூன்று வகையாய்ப் பகுத்து, இறுதி முடிவைக் கிராம சபைகள் எடுக்கட்டும் என்றது அக்குழு. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு 2013இல் மலையின் ஏறத்தாழ 37 விழுக்காட்டைக் காக்க வேண்டிய பகுதியென வகுத்தது. இரண்டையும் இடுக்கி மக்கள் எதிர்த்தனர். வீடும் நிலமும் பறிபோகும் என அஞ்சினர். அறிக்கை அவர்கள் மொழியில், அவர்கள் முற்றத்தில், உரிய காலத்தில் விளக்கப்பட்டிருப்பின் அவ்வச்சத்தின் பாதி அகன்றிருக்கும்.

பெட்டிமுடி

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு. இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. மேலே மலை சரிந்தது. மண்ணும் பாறையும் ஓடை வழியே இறங்கி லயங்களை மூடின. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப் போயிருந்தமையால் மறுநாட் காலையிலேதான் செய்தி வெளியே சென்றது. மாண்டோர் 70 பேர். தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினருமான தமிழர் அவர்கள். பலருடைய பூர்வீகம் கயத்தாற்றுப் பக்கம்.

சரிவு தொடங்கிய இடம் தேயிலை நிலம் அன்று, மேலேயுள்ள மலைப்பகுதி. ஆகவே எல்லாப் பழியையும் தேயிலையின் மேல் சுமத்துதல் பொருந்தாது. ஆனால் ஓடையின் வழியில் லயம் நின்றதே, அஃது இயற்கையின் செயல் அன்று. அந்த இடத்தைத் தேர்ந்தவர் அங்கு உறங்கியவர் அல்லர். உழைத்து ஓய்வு பெறும் நாளில் லயத்தை விட்டு வெளியேற வேண்டிய தொழிலாளிக்குத் தன் வீடு எங்கே நிற்க வேண்டும் என்று கூறும் உரிமை எவ்வாறு வாய்க்கும்?

நூற்றைம்பது ஆண்டு வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே. மலையின் கணக்கில் வரவு எழுதியவர் ஒருவர். செலவைச் செலுத்தியவர் வேறொருவர். இழக்கப்போகிறவன் கலந்துகொள்ளாத அவையில் எடுக்கும் முடிவு, காட்டை அழிப்பதாயினும் காப்பதாயினும், முடிவில் அவனையே வருத்தும்.

நாம் செய்யற்பாலன

மழையை அளத்தல் முதற்கடன். வயநாட்டில் ஹியூம் மையத்தார் ஊர்தோறும் மழைமானி வைத்து அளந்தமையால், 2024 ஜூலை 30ஆம் நாள் முண்டக்கையும் சூரல்மலையும் சரியுமுன்னரே எச்சரிக்கை விடுக்க முடிந்தது. எச்சரித்தும் பேரழிவு நேர்ந்தது. ஆகவே அளக்கும் கருவியோடு, அளவைக் கேட்டவுடன் மக்களை அகற்றும் ஏற்பாடும் வேண்டும். ஓடைவழியிலும் செங்குத்துச் சரிவிலும் உள்ள குடியிருப்புகளைப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றுதல் இரண்டாவது. தொழிலாளிக்குச் சொந்த மண்ணும் கிராம சபையில் சொல்லும் உரியனவாக்குதல் மூன்றாவது. முன்னிரண்டும் நிலைப்பது இம்மூன்றாவதால்தான்.

தொலைவில் வாழும் நாம் என் செய்வோம் என்று சோர வேண்டா. நம்முள் பலருக்கு அம்மலையடிவாரத்தில் உறவினர் உளர். சிலருக்கு நிலமும் உண்டு. விடுமுறைக்குச் செல்லும்போது, வீட்டின் மேலே எந்த ஓடை வருகின்றது, மழை மிகுந்தால் எங்கே ஒதுங்குவது என்று அவர்களோடு அமர்ந்து பேசுவோம். மலையில் விடுதி எழுப்பப் பணம் முதலிடுமாறு எவரேனும் அழைத்தால், அந்நிலத்தின் சரிவையும் நீர்வழியையும் கேட்டறிந்த பின்னரே விடை கூறுவோம். நம் பிள்ளைகளுக்கு ஆனைமுடியின் உயரத்தோடு பெட்டிமுடியின் பெயரையும் கற்பிப்போம். நாம் காலையில் அருந்தும் தேநீரில் அம்மலையின் மண்ணும் அம்மக்களின் உழைப்பும் கலந்துள்ளன.

மலை வாழ்க! மலையில் உழைப்போர் அச்சமின்றி உறங்கும் நாள் வருக!